குங்குமத்துக்கு அடியில் ஓர் எழுத்து

தாவணகெரெயில் எத்தனையோ கூரைகள் இருக்க, மின்னலுக்குக் கொட்ரப்பாவின் கணினிப் பயிற்சி நிலையம்தான் கண்ணில் பட்டது. வாசலோரக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு கருகிப்போனது. அதுவும் எப்போது? அரசுத் தேர்வுகளை இங்கே நடத்த அனுமதிக்கலாமா என்று பார்க்க, மறுநாள் காலை அதிகாரிகள் வரவிருந்த நேரத்தில். அனுமதி கிடைக்காவிட்டால் நிலையத்தை இழுத்து மூடிவிட்டு மண்டக்கிப் பொரிக் கடை வைக்கப்போவதாக முதலாளி முன்பே சொல்லிவிட்டார். மூடினால் முதலில் தெருவில் நிற்பவள், கூடத்தின் பொறுப்பாளர் நாகவேணி.

மெக்கானிக் ஹாலேஷ் புது மதர்போர்டை மாட்டி ஸ்விட்சைப் போட்டான். கம்ப்யூட்டர் உயிர்பெற்றது. நாகவேணி மூச்சுவிடுவதற்குள் திரையின் மூலையில் மங்கலாக ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது. விண்டோஸின் உரிமம் உறுதியாகவில்லையாம்.

"உரிமத்தோடதானே வாங்கினோம்? ஏன் இப்படிச் சொல்லுது?"

"போர்டை மாத்தினா அதுக்கு இது வேற மெஷின்க்கா. பழகின ஆளையே யாருன்னு கேக்கும். பெட்டியோட பக்கவாட்டுல ஸ்டிக்கர் இருக்கும் பாருங்க. அதுல உள்ள எழுத்தும் எண்ணுமான சாவியை அடிச்சு, கம்பெனிக்குப் போன் பண்ணி, போர்டு எரிஞ்சுபோச்சுன்னு சொன்னா திறந்து விடுவாங்க."

நாகவேணி பெட்டியைத் திருப்பினாள். ஸ்டிக்கர் இருந்தது. எழுத்துதான் இல்லை.

ஒவ்வோர் ஆயுதபூஜைக்கும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, விபூதிப் பட்டை இழுத்து, குங்குமம் வைத்தவள் அவளேதான். மற்றவர்கள் ஒரு பூவைச் செருகிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். இவளுக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது. துடைத்துத் துடைத்தே சாவியைத் தின்றிருந்தாள்.

"சாமி உங்க லைசென்ஸைப் பிரசாதமா எடுத்துக்கிட்டாருக்கா," என்றான் ஹாலேஷ், மிளகாய் பஜ்ஜியைக் கடித்தபடி.

"சும்மா இரு. விடிஞ்சா ஆபீசருங்க வந்து நிப்பாங்க."

"அஞ்சு நிமிஷம் குடுங்க, ஒரு கிராக் போட்டு, உரிமம் இருக்கிற மாதிரி ஏமாத்தி, அந்த வரியை அழிச்சுடறேன்."

"நாளைக்குக் கண்டுபிடிச்சா?"

"ஒரு மெஷின்ல பிடிச்சாலும் மொத்த சென்டரும் போச்சு. பிடிக்கலைன்னா தப்பிச்சோம்."

நாகவேணி வேண்டாம் என்று தலையாட்டினாள். ஆனால் வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. கண்ணை மூடினால் அந்த முதல் பூஜைதான் தெரிந்தது. புத்தம்புதுப் பெட்டிகள், சாமந்திப்பூ. வாசலோரப் பெட்டிக்குத்தான் முதல் பொட்டு. அதைப் படமெடுத்து ஹாவேரியில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பியிருந்தாள். சட்டென்று போனை எடுத்து அக்காவை அழைத்தாள்.

"உன் பெட்டிக்குப் பொட்டு வச்ச போட்டோவா?" அக்கா சிரித்தாள். "இடமில்லைன்னு என் பசங்க போட்டோவையே அழிச்சேன். அதை மட்டும் அழிக்கலடி. உனக்குப் புள்ளைங்க மாதிரி ஆச்சே அதுங்க."

படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஸ்டிக்கரின் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. ஒன்றைத் தவிர. அதன்மேல் கொழுகொழுவென்று குங்குமம்.

"ஒரு எழுத்துதானே, ஒவ்வொண்ணா மாத்திப் போட்டுப் பாப்போம்," என்றான் ஹாலேஷ்.

"தப்பா அடிச்சுக்கிட்டே இருந்தா ஒரேயடியா பூட்டிக்குமா?"

"பூட்டாதுன்னுதான் நினைக்கிறேன்."

நினைக்கிறானாம். நாகவேணி ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். திரை ஒவ்வொன்றையும் தள்ளியது. எழுத்துகள் தீர்ந்து, எண்களும் தீர்ந்துவிடும்போல இருந்தபோது எட்டைப் போட்டாள். ஏற்றுக்கொண்டது. பிறகு கம்பெனிக்கு அழைத்தாள்.

"இந்தச் சாவியை எத்தனை கம்ப்யூட்டர்ல போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள் மறுமுனையில் ஒரு பெண்.

"இந்த ஒண்ணுலதான் மேடம்."

"போர்டை எதுக்கு மாத்தினீங்க? வேகம் பத்தலையா?"

"இல்ல மேடம், மின்னல் விழுந்து எரிஞ்சுபோச்சு."

தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் கேட்டது. நம்பவில்லையோ? கிராக்கே போட்டிருக்கலாமோ என்று ஒரு கணம் மனம் சபலப்பட்டது.

"எண்கள் சொல்றேன், அடிங்க," என்றது குரல். அவள் அடித்து முடித்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த வரி எழுந்து போனது. நாகவேணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அதிகாரிகள் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உரிமத்தைப் பார்த்தார்கள். வாசலோரப் பெட்டியில் மட்டும் இரண்டு முறை பார்த்தார்கள். பிறகு அனுமதி கொடுத்துவிட்டுப் போனார்கள்.

முதலாளி கொட்ரப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு கையில் விபூதித் தட்டும் மறு கையில் ஈரத்துணியுமாக நேரே வாசலோரப் பெட்டிக்கு வந்தார். நாகவேணி குறுக்கே போய் நின்றாள்.

"என்னம்மா இது, சாமிக்கே வழி மறிக்கிற?"

"சாமிக்கு இல்ல ஸார், துணிக்கு." தகப்பன் வயதுக்காரரான அவர் முன் குனிந்தாள். "என் நெத்தியில வைங்க. அது தேஞ்சாலும் பரவாயில்ல."