தாரிகாவின் இடது தோள்

தாரிகா பலாலி விமான நிலையத்தில் பயணிகளின் பொதிகளைப் பதியும் கவுண்டரில் வேலை செய்தாள். ஒருநாள் உல்லாசப் பயணிகள் சிலரை ஏற்றிக்கொண்டு ஒரு சிறிய ஹெலிகொப்டர் அங்கே வந்து இறங்கியது. ஓட்டி வந்தது ஒரு பெண். பயணிகள் ஒரு வான் வண்டியில் ஏறி நல்லூருக்குப் போய்விட, அவள் கன்டீனில் தனியாக இருந்து தேநீர் குடித்தாள். தாரிகா பக்கத்துக் கதிரையில் போய் இருந்து, இதை ஓட்டப் படிக்க எப்படித் தொடங்குவது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "முதலில் மருத்துவச் சோதனை," என்றாள். "பயிற்சிப் பள்ளியில் காசு கட்டுவதெல்லாம் பிறகு. என்னோடு படித்த ஒருவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது. பாதிப் படிப்பில்தான் அது தெரிந்தது. வைத்தியர் சரியென்று சொன்னால் ஒரு பயிற்றுநரோடு ஒரேயொரு தடவை ஏறிப் பார். இறங்கிய பிறகும் ஆசை இருந்தால் சேர்."

தாரிகாவுக்கு நிறங்களில் குறையில்லை. அவளுடைய சிக்கல் இடது தோளில் இருந்தது. 2009இல், அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, வன்னியில் ஒரு பதுங்குகுழியின் வாசலில் வைத்து ஷெல் துண்டு ஒன்று அங்கே ஏறியது. எடுப்பதற்கு ஆளும் இருக்கவில்லை, மருந்தும் இருக்கவில்லை. காயம் தானாக மூடிக்கொண்டது. அதே வாரம் அப்பா இறந்தார். போர் முடிந்து அடைத்துவைத்த முகாமில் இருந்து வெளியே விட்டதும், தாய் உதயகலா மகளைக் கூட்டிக்கொண்டு தன் சொந்த ஊரான உரும்பிராய்க்கு வந்து தோட்டம் செய்தாள்.

தாரிகா ஹெலிகொப்டர் ஓட்டப் படிக்கும் ஆசையைச் சொன்னபோது உதயகலா வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஹெலிகொப்டரோ? அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் என்ன செய்தனாங்கள் எண்டு ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு. ஓடினனாங்கள்."

"பிறகென்ன?"

"இது ஆக்களைச் சுத்திக் காட்டுறதுக்கு வந்தது அம்மா."

உதயகலா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கனடாவில் இருக்கும் சின்னம்மா படிப்புச் செலவை ஏற்பதாகச் சொன்னாள். மருத்துவச் சோதனைக்குக் கொழும்பு போக நாளும் குறித்தாயிற்று. அப்போதுதான் உதயகலா வாய் திறந்தாள்.

"தோளைப் பற்றி ஒண்டும் சொல்லாதை பிள்ளை. சைக்கிளாலை விழுந்த தழும்பெண்டு சொல்லு. உள்ளதைச் சொன்னால் எங்கை இருந்தனீங்கள், உன்ரை அப்பா ஆரோடை நிண்டவர் எண்டு துருவுவினம். பிறகு விசாரணையெண்டு வீட்டுக்கும் வருவினம்."

"மறைச்சுப்போட்டு ஏறி, மேலை வைச்சுக் கை விறைச்சுதெண்டால்? பின்னாலை ஆக்கள் இருப்பினமே."

"அப்ப ஏறாதை."

வைத்தியரின் அறைக்குள் போகும்வரை தாரிகா ஒரு முடிவுக்கும் வரவில்லை. வைத்தியர் நடுத்தர வயதுச் சிங்களவர். கண், காது, இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, பெரிய காயம் ஏதும் பட்டதுண்டா என்று கேட்டார். சைக்கிள் கதை அவள் நாக்கு நுனியில் நின்றது.

"ஷெல் துண்டு ஒன்று பட்டது, சேர். இன்னும் உள்ளே இருக்கிறது."

வைத்தியரின் பேனை நின்றது. தாரிகா அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாள். அப்பா லொறி ஓட்டியவர், ஆயுதம் தூக்கிய இயக்கத்தில் இருக்கவில்லை என்பதைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லிப் பழகியிருந்தாள்.

"எந்தத் தோள்?"

"இடது."

"ஹெலிகொப்டரில் இடக்கைக்கு ஓய்வில்லை, தெரியுமா? ஏற்றுகிற இறக்குகிற நெம்புகோல் அந்தப் பக்கம்தான்."

அவர் எழுந்து வந்து அவள் கையை உயர்த்தச் சொன்னார். தன் உள்ளங்கையை அழுத்தித் தள்ளச் சொன்னார். விரல் விறைக்குமா என்று கேட்டார். மார்கழிக் குளிருக்கு நோகும், விறைக்காது என்றாள்.

"இப்போது ஆமென்றும் சொல்லமாட்டேன், இல்லையென்றும் சொல்லமாட்டேன். எக்ஸ்ரேயும் எலும்பு நிபுணரின் அபிப்பிராயமும் வேண்டும்."

அவள் கதவடிக்குப் போனதும் அவர் கேட்டார். "அப்போது நோவுக்கு ஏதாவது தந்தார்களா?"

"ஒன்றும் இருக்கவில்லை, சேர்."

அவர் மேசையைப் பார்த்தபடி தலையசைத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது உதயகலா நம்பவில்லை. "வேறை ஒண்டும் கேக்கேல்லையோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு பல நாள், வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் ஏதும் வேகம் குறைந்தால் படலைப் பக்கம் பார்த்தாள். ஒருவரும் வரவில்லை. துண்டு தசைக்குள் இருக்கிறது, நரம்புக்குக் கிட்ட இல்லை, அதை அப்படியே விடலாம் என்று நிபுணர் சொன்னார். மாரி முடிவதற்குள் தாரிகா தகுதியானவள் என்ற முடிவு வந்தது.

கொழும்புக்கு வெளியே ஒரு பயிற்சிப் பள்ளியில் முதல் தடவை ஏறப் போன அன்று ஹெலிகொப்டரின் விசிறிகள் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் தாரிகாவின் உடம்பு தானாக மடிந்தது. கூனிக்கொண்டே போய்க் கதவைப் பிடித்தாள்.

"நல்லது," என்றார் பயிற்றுநர். "புதிதாக வருகிறவர்கள் தலை குனிய மறந்துவிடுவார்கள்."

அவள் ஏறி இருந்து பட்டியை இறுக்கினாள்.

ஓடுபாதையைத் தாண்டி ஒரு புல்வெளியின் மேலே அவர் ஹெலிகொப்டரை அந்தரத்தில் நிறுத்தினார். முதலில் நெம்புகோலை மட்டும் தந்தார். பிறகு பெடல்கள். பிறகு முன்னும் பின்னும் பக்கமும் சரிக்கும் வலக்கைத் தடி. ஒவ்வொன்றும் தனித்தனியே அவள் சொல் கேட்டது. மூன்றையும் ஒன்றாகத் தந்தபோது ஹெலிகொப்டர் பக்கவாட்டில் நழுவி, பின்னுக்குப் போய், மூக்கைத் திருப்பிக்கொண்டது. அவர் வாங்கி நேராக்கினார், மறுபடி தந்தார். மறுபடியும் நழுவியது. எத்தனையோ தடவைக்குப் பிறகு, ஒரு மூச்சு விடும் நேரம், கீழே இருந்த தரை நழுவாமல் நின்றது. அவள் சந்தோஷப்பட்ட உடனேயே அது குலைந்தது.

இறங்கியதும் படிப்பில் சேருவதாகப் பயிற்றுநரிடம் சொல்லிவிட்டுத் தாய்க்குத் தொலைபேசி எடுத்தாள்.

"எவ்வளவு உயரம் போனனீ?"

"படிக்கிற நேரத்திலை எங்கடை வீட்டுக் கூரையளவு கூட இல்லை அம்மா."

"அவ்வளவுதானோ?" உதயகலாவின் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. பிறகு, "நாளைக்கும் ஏறுவியோ?"

"ஓம்."

"வெறும் வயித்தோடை ஏறாதை," என்றாள் உதயகலா.