ரீச்சரின் வலக்கை

இடக்கைக்கு வெள்ளைக் கையுறை ஏறிவிட்டது. வலக்கை விரல்கள்தான் அடம்பிடித்தன. உயிரோடு இருந்தபோதும் ஜெயந்தினி பிறர் சொல்லி வளைந்தவள் இல்லை.

"அத்தான், இந்த விரலை ஒருக்காப் பிடியுங்கோ," என்றாள் அவளுடைய தங்கை மேர்சி.

றொபின் மனைவியின் விரலைப் பிடித்தார். காலமெல்லாம் தூரிகை பிடித்துத் தடித்த நடுவிரல். நகக்கண்ணில் நீலச் சாயம் இன்னும் போகவில்லை.

கூடத்தில் அவளுடைய தமையன் செபநாயகம் கொதித்துக்கொண்டிருந்தார். சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே, குழி வெட்டியாயிற்று. வாசலிலோ மருத்துவபீடத்து வான் வண்டி நிற்கிறது. தன் உடலை மாணவர்கள் படிக்கட்டும் என்று ஜெயந்தினி எழுதிக்கொடுத்திருந்தாள். வந்தவர்கள் றொபினின் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

"எங்கடை பிள்ளையை மேசையிலை போட்டு வெட்டவோ குடுக்கப்போறாய், றொபின்? ஊர் என்ன கதைக்கும்?"

றொபினுக்கும் மனமில்லைதான். அவளுக்குப் பக்கத்தில் தனக்கும் இடம் பார்த்து வைத்திருந்தவர் அவர். இனிப் பூவை எங்கே கொண்டுபோய் வைப்பது? வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அவள் எழுந்து வந்து சண்டை பிடிக்கப்போவதில்லை.

ஆனால் சித்திர ரீச்சரைக் கட்டியவருக்குத் தேத்தண்ணிகூட ஐரோப்பிய ஓவியப் பாடத்தோடுதான் இறங்கும். சாயத்தைத் தகரக் குழாயில் அடைக்கக் கண்டுபிடித்த பிறகே ஓவியர்கள் ஊர்வெளியெல்லாம் வெயிலைத் தேடிப் போனார்கள் என்பாள். முகம் வரைகிற பிழைப்பைக் கமெரா பிடுங்கிக்கொண்டதும் வெளிச்சத்தையே வரையத் துணிந்தார்கள் என்பாள். எல்லாவற்றுக்கும் முந்திய கதைக்கு வரும்போது மட்டும் அவள் குரல் தணியும்.

"முந்தி அவையள் படத்திலை கீறின கையெல்லாம் பஞ்சடைச்ச தலையணை மாதிரியப்பா. செத்த உடம்பைத் திறந்து தசையையும் நரம்பையும் பாத்தாப் பிறகுதான் கைக்கு உயிர் வந்தது. படம் கீறினவன்ரை பேர் உலகத்துக்கே தெரியும். படுத்துக் கிடந்தவன்ரை பேர் ஆருக்கும் தெரியாது. அவனெல்லோ முதல் வாத்தி!"

றொபின் கூடத்துக்கு வந்தார்.

"வெட்டுவினம் மச்சான். அவவுக்கு அது நல்லாத் தெரியும். ஜெபம் முடிய வானுக்குள்ளை ஏத்துவம்."

"நீ யோசிச்சுத்தான் சொல்லுறியோ?"

"ஓம். யோசிச்சது அவ. நான் ஓமெண்டு சொல்லுறன், அவ்வளவுதான்."

செபநாயகம் குழியை மூடச் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார். றொபினுக்கு அழுகையோடு பெருமையும் முட்டிக்கொண்டு வந்தது. இவள் என்ரை மனிசி என்று வாசலில் நின்று சத்தம்போட வேண்டும் போலிருந்தது.

அறைக்குத் திரும்பியபோது மேர்சி ஒருவாறு வலக்கைக்கும் உறையை மாட்டி முடித்திருந்தாள்.

"ரெண்டையும் கழட்டு, மேர்சி."

"கையுறை இல்லாமலோ அத்தான்? எங்கடை ஆக்களை அப்பிடி அனுப்பிறேல்லையே."

"படிக்கிற பெடியள் முதலிலை கையைப் பாக்கட்டும்."

மேர்சி தயங்கினாள். அவரே குனிந்து விரல் விரலாகக் கழற்றினார்.

ஜெபம் முடிந்து வான் புறப்பட்டபோது வாசலில் றொபின் தலை நிமிர்ந்து நின்றார். அவருடைய சட்டைப்பைக்கு வெளியே கையுறையின் ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை உள்ளே தள்ளவில்லை.