ரசமட்டம் பார்த்த கேக்

1979ஆம் வருஷம் தை மாதத்து முகூர்த்த நாளொன்றில், அம்சா செய்த மூன்றடுக்குக் கல்யாணக் கேக் திருத்தணியிலிருந்து அரக்கோணம் வரை ரயில் பெட்டிக்குள் இடுப்பு உயரத்தில் மிதந்தபடியே போனது. அன்றைக்குத் தக்காளி மலிவு. ரயில் வழக்கம்போல் தாமதம்.

அம்சா நெசவுக்காரர் ஆறுமுகத்தின் மகள், அந்த வம்சத்தில் முதல் பி.எஸ்ஸி. படித்து என்ன, வேலை தருகிறேன் என்று ஒருத்தனும் வாசலில் வந்து நிற்கவில்லை. பெண் தருவீர்களா என்றுதான் வரிசையாக வந்தார்கள். கடைசியாக வந்தவன் அத்தை மகன் ராஜவேலு, கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன். அந்த நேரம் பார்த்து அரக்கோணம் ரயில்வே காலனியிலிருந்து கல்யாணக் கேக் ஒன்றுக்கு, வீட்டிலேயே கேக் செய்து விற்றுவந்த அவளுக்கு ஆர்டர் வந்தது. ஆறுமுகம் தறிக்குழியிலிருந்து தலையை நீட்டி, "முழுசாப் போய்ச் சேந்தா உன் இஷ்டம். ஒடஞ்சா, தை முடியறதுக்குள்ள ராஜவேலுக்குக் கழுத்த நீட்டணும்" என்றார்.

"ஆங், நைனா. பேச்சு மாறக்கூடாது."

கேக்கின் மேல் துணிபோலப் போர்த்தும் சர்க்கரை மாவுக்கு ஃபாண்டன்ட் என்று பெயர். அதில் பூவேலை செய்யச் சென்னையில் தனிச் சாமான் விற்றார்கள். அம்சா நேரே ராஜவேலு கடைக்குப் போய்க் கொத்தனார் கரண்டி, பட்டி பார்க்கும் தகடு, நட்டு, வாஷர், சுவர் மட்டம் பார்க்கும் ரசமட்டம் எல்லாம் கேட்டாள்.

"இன்னாமே, வீடு கட்றியா? நம்ம ரெண்டு பேருக்குமா?"

"உனுக்குச் சமாதி கட்றேன் பாவா. ரசமட்டத்த எடு."

இரும்பையெல்லாம் கொதிநீரில் போட்டெடுத்தாள். தறியில் இழை பிரிக்கும் சீப்பை அழுத்தினாள், சர்க்கரை சேலையானது. நட்டு தேன்கூடு போட்டது, வாஷர் பூப்போட்டது, தகடு கொசுவம் மடித்தது. கடைசியாக உச்சியில் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு மாவை இழைத்தாள். அவள் கோபம் முழுவதும் அந்தக் கையில் இருந்தது. குமிழி நடுவில் நின்றது. அதற்குப் பிறகு கேக் சாய மறுத்துவிட்டது. பலகையைச் சாய்த்தாள், சாயவில்லை. பலகையையே உருவினாள், அப்படியே நின்றது.

ஸ்டேஷன் ரோடு சரிவாக இறங்கியது, கேக் இறங்கவில்லை. பாவு நூலைக் கட்டிப் பட்டம்போல இழுத்துப் போனாள். பிளாட்பாரத்தில் ஓர் அதட்டுப் போட்டதும் இடுப்புக்கு இறங்கி வந்தது. உடைவதைக் கண்ணால் பார்க்க ராஜவேலுவும் அதே பெட்டியில் ஏறிக்கொண்டான்.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். "இது லக்கேஜாம்மா, ஆளா?"

"எதும்மேலயும் உக்காரல, எங்கயும் வைக்கல சார். இன்னாத்துக்கு டிக்கெட்டு?"

அவர் யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்று போய்விட்டார். அரக்கோணம் நெருங்கும்போது ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியது. பெட்டியே ஒருவர்மேல் ஒருவராக விழுந்தது. ராஜவேலு தக்காளிக் கூடையில் விழுந்தான். கேக் மட்டும் அசையவில்லை.

"நல்லா சிவப்பா கீறே பாவா, மாப்பிள்ள மாதிரி" என்றாள் அம்சா.

கேக் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. ஆறுமுகமும் பேச்சு மாறவில்லை. வெட்டிய துண்டுகளும் மட்டம் தவறவில்லை என்று கேள்விப்பட்டுத் தாலுகாவின் கொத்தனார்கள் ரசமட்டத்துக்குப் பதிலாகத் துண்டு வாங்க அவளைத் தேடி வந்தார்கள். எண்பத்திரண்டு வாக்கில் 'அம்சா, பி.எஸ்ஸி.' என்று போர்டு மாட்டியாயிற்று. ரசமட்டம் விற்காமல் துருப்பிடித்ததால் ராஜவேலுவே இப்போது துண்டுகளை மொத்தமாக வாங்கி, ஆணிக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவில் அடுக்கி விற்கிறான். சுவர் நேராக எழும்பியதும் சித்தாள்கள் துண்டைத் தின்றுவிடுகிறார்கள். அடுத்த வீட்டுக்குப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.