எட்டாவது போர்ட்

மாடி அறையையும் கீழ் அறையையும் வெண்மதி ஒரே கேபிளால் இணைத்துப் பதினோரு நாட்களும் நான்கு மணி நேரமும் ஆகியிருந்தன.

தருமபுரிக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய தனியார் டேட்டா சென்டர் அது. மாடியில் ஏழு சர்வர்கள், ஒரு திரை, ஒரு கீபோர்டு, வெண்மதி. கீழே எட்டு சர்வர்கள், ஒரு திரை, ஒரு கீபோர்டு, கலைமணி அக்கா. அறைக்கு ஒரு கேவிஎம் ஸ்விட்ச் இருந்தது. ஒரே கீபோர்டில் தட்டி எந்தச் சர்வரையும் திரைக்குக் கொண்டுவரும் பெட்டி. மாடிப் பெட்டியில் காலியாக இருந்த எட்டாவது போர்ட்டில் கீழ்ப் பெட்டியையும் சேர்த்துவிட்டால் பதினைந்து சர்வர்களும் மாடிக்கே வந்துவிடும். பிறகு கீழே ஆள் தேவையில்லை. கலைமணியின் ஒப்பந்தமும் அதுவரைதான்.

கேபிள் போட்டும் வேலை செய்யவில்லை. ஸ்க்ரோல் லாக் விசையை இருமுறை தட்டினால் சர்வர்களின் பட்டியல் வர வேண்டும். மாடிப் பட்டியல் மட்டுமே வந்தது. மேலாளர் ராஜப்பன் எட்டிப் பார்த்து, "பொறுமையா பாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காரணத்தை வெண்மதி இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே விசை. தட்டுவதை மாடிப் பெட்டியே வாங்கிக்கொள்கிறது, கீழே போய்ச் சேருவதில்லை. கலைமணி சாப்பிடப் போன நேரத்தில் இறங்கிப் போய், கீழ்ப் பெட்டியின் விசையைக் கேப்ஸ் லாக்காக மாற்றினாள். மேலே வந்து தட்டினாள். கீழேயிருந்த எட்டும் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து நின்றன.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி இறங்கிப் போய்ப் பழையபடியே மாற்றி வைத்தாள். மாடிக்கு வந்ததும் கீழே ஒரு சர்வர் நின்றுபோனதாகத் தகவல் வர, சாப்பிட்டுத் திரும்பியிருந்த கலைமணிக்குப் போன் போட்டாள்.

"சொல்லு கண்ணு, எந்தப் பொட்டி மண்டையப் போட்டுச்சு?"

"மூணாவதுங்க அக்கா. ரீஸ்டார்ட் பண்ணணும்."

"அதுவா? எங்க மாமியா மாதிரி. எழுப்புனா எழுந்துக்கும். ஆனா அரை மணி நேரம் மொணகும்."

ஒவ்வொரு முறையும் சர்வர் எழும் வரை கலைமணி பேசுவாள். அரூர் பஸ்ஸில் சீட்டுக்கு நடந்த சண்டை, ரசத்தில் உப்பை மறந்தது. வெண்மதி "ம்" கொட்டுவாள். ஒரு நாளில் அவள் பேசுவதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை விடுதி அறையில் அவளுடைய போன் அடித்தால், அது ரீசார்ஜ் முடிந்துவிட்டது என்று சொல்லத்தான் அடிக்கும்.

இன்று இரண்டு மணிக்குக் கலைமணியே மாடிக்கு வந்தாள்.

"எங்க ஊரு மண்டியில கம்ப்யூட்டருக்கு ஆள் கேக்கறாங்க. வூட்டுலயிருந்து நடந்தே போயிக்கலாம். இன்னைக்குள்ள சொல்லணுமாம்."

வெண்மதி திரையிலிருந்து திரும்பினாள். "நல்லதுதானேங்க?"

"என்னத்த நல்லது? இந்த ஒயரு இப்படியே கெடக்குது. நான் போயிட்டா நீ மேலயும் கீழயும் ஓடியே எளைச்சிருவ. வாயத் தொறந்து ஒருத்தர உதவிக்குக் கூப்புடுவியா நீ? இது சரியாவற வரைக்கும் நான் எங்கயும் போவல. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடறன்."

போனை எடுத்து எண்ணைத் தட்டிக் காதில் வைத்தாள். மறுமுனையில் மணி அடிப்பது ஏசி இரைச்சலையும் தாண்டி வெண்மதிக்குக் கேட்டது. ஒருமுறை. இரண்டு முறை.

"வேணாம்னு சொல்லாதீங்க," என்றாள் வெண்மதி. அவளுக்கே அது கேட்கவில்லை. எழுந்து போய்க் கலைமணியின் கையைப் பிடித்துப் போனைக் கீழே இறக்கினாள்.

"என்னாச்சு கண்ணு?"

"அந்த ஒயரு ரெண்டாவது நாளே வேல செஞ்சுதுங்க அக்கா. நீங்க போயிருவீங்கன்னு நான்தான் கெடுத்து வெச்சன்."