எட்டாவது பெயர்

மதலைமுத்துவுக்குக் கத்தாரில் வேலை உறுதியாகிவிட்டது. மருத்துவப் பரிசோதனையும் முடிந்திருந்தது. உன் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் தரும் சான்று ஒன்றுதான் பாக்கி. அந்தச் சமயத்தில்தான், 2017 ஆடி மாதத் தொடக்கத்தில், கீழ்வேளூர் பக்கம் அவன் ஊரான பண்டாரக் கட்டளையில் எண்ணெய்க் குழாய் ஒன்று உடைந்தது. தங்கம்மாளின் நாற்றங்காலில் கச்சா எண்ணெய் பொங்கி, பத்து நாள் பயிர் முழுக்கக் கறுத்துப்போனது.

குழாய்களின் தடிமனை அளப்பது அவன் தொழில். உள்ளங்கைக்குள் அடங்கும் கருவியைக் குழாயின் மேல் வைத்தால், துருவும் அமிலமும் தின்றது போக இரும்பு எத்தனை மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது என்று காட்டிவிடும். அதிகாரிகள் வருவதற்கு முன்பே அவன் வயலுக்குப் போய்விட்டான். யாரும் அனுப்பவில்லை, கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். ஏழு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் கருவி ஒன்றரை காட்டியது. போனில் படம் எடுத்துக்கொண்டான்.

வரப்பில் நின்ற தங்கம்மாள் கேட்டாள்: "ஏன் தம்பி, இது தானா உடைஞ்சதா?"

"தெரியலக்கா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

மதியம் ஊர் சாலைமறியலில் உட்கார்ந்தது. பொழுது சாய்வதற்குள், குழாயை உடைத்ததே ஊர்க்காரர்கள்தான் என்று வழக்குப் போட்டு ஏழு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் ஒருவன் லியோ, மதலைமுத்துவின் மனைவி அமலியின் தம்பி.

நான்கு நாள் அமலி கோயிலுக்கும் கோர்ட்டுக்குமாக அலைந்தாள். ஐந்தாம் நாள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அப்துல் ரஹ்மான் வக்கீல் வந்திருந்தாருங்க. குழாய் தானாத்தான் இத்துப்போச்சுன்னு விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் பிரமாணப் பத்திரம் குடுத்தா ஜாமீன் கிடைச்சிடுமாம். யார் பேரும் போடாத காகிதத்தை ஜட்ஜு தொடக்கூட மாட்டாராம். அப்படி ஆளுக்கு எங்க போறது?"

மதலைமுத்து போனை எடுத்துப் படங்களைக் காட்டினான்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு, "என்னைக்கு எடுத்தது?" என்றாள்.

"அன்னைக்குக் காலையிலயே."

அவள் திட்டவில்லை. எழுந்து உள்ளே போனாள். அடுக்களையில் பாத்திரம் ஒவ்வொன்றும் தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. அவன் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றான். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவளிடம் சொல்லாத ஒன்றை அன்று சொன்னான்.

துனிசியாவின் தெற்குக் கடற்கரையில் ஓர் அமில ஆலையில் அவன் நான்கு வருஷம் வேலை பார்த்திருந்தான். அங்கே காய்ச்சும் அமிலம் கப்பலேறி வந்து, நம் ஊரில் நெல்லுக்குப் போடும் உரமாகும். கழிவு அங்கேயே கடலுக்குப் போகும். மீன் செத்துப்போச்சு, பிள்ளைகளுக்கு மூச்சு முட்டுது என்று அந்த ஊர் ஆலை வாசலில் உட்கார்ந்தது. முன்னால் நின்றவர் மப்ரூக்கா என்ற பள்ளிக்கூட டீச்சர். அந்தக் கரை முழுவதும் அவரைத் தெரியாதவர் கிடையாது.

துனிசியாக்காரனான அறைத் தோழன் ஹபீப் சொல்லிச் சொல்லித்தான் அந்த நாட்டுச் சங்கதி அவனுக்குத் தெரியவந்தது. சர்வாதிகாரி இருந்த காலத்திலேயே லினா பென் மெஹன்னி என்ற இளம்பெண் புனைபெயர் வைத்துக்கொள்ளாமல் சொந்தப் பெயரில் இணையத்தில் எழுதினாள். போலீஸ் சுட்டவர்களை ஆஸ்பத்திரிக்கே போய்ப் படமெடுத்துப் போட்டாள். அப்புறம் அங்கே தொழிற்சங்கமும் வக்கீல் சங்கமும் இன்னும் இரண்டு அமைப்புகளும் கூடி உட்கார்ந்து பேசி நாட்டைச் சண்டையிலிருந்து காத்ததற்கு நோபல் பரிசே கிடைத்தது. "எங்க டீச்சர் அவங்களையெல்லாம் பார்த்துத்தான் பேரைப் போட்டு எழுதக் கத்துக்கிட்டாங்க" என்பான் ஹபீப்.

ஒருநாள் வெளிநாட்டு ஆட்கள் போகும் பஸ்ஸை மறித்து மப்ரூக்கா உள்ளே ஏறினார். மதலைமுத்துவின் மடியில் இருந்த கருவியைப் பார்த்து, அது என்ன சொல்லும் என்று கேட்டார். ஹபீப் மொழிபெயர்த்தான். கழிவுக் குழாய் ஓட்டை விழும் நிலையில் இருப்பதை முந்தின வாரம்தான் அவன் அளந்திருந்தான். மேலதிகாரி எண்ணை மாற்றி எழுதி நீட்ட, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தான். மொழிபெயர்த்ததும் புரியாதவன்போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"அப்புறம்?" என்றாள் அமலி. கையில் சோற்றுக் கரண்டி அப்படியே இருந்தது.

"கழிவுக் குழாய் இத்துப்போச்சுன்னு பொய் பரப்புறாங்கன்னு அவங்க மேல கேஸ் போட்டாங்க. கோர்ட்ல காட்டுனது நான் கையெழுத்துப் போட்ட காகிதத்த. எட்டு மாசம் ஜெயில்."

வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"இப்ப நான் என்ன செய்யட்டும் அமலி? பேரைப் போட்டா போலீஸ் சான்று வராது. கத்தார் போயிடும். பிள்ளைங்க படிப்பு இருக்கு."

அமலி கரண்டியைக் கீழே வைத்தாள். "லியோ என் தம்பி. போடுங்கன்னுதான் எனக்கு வாயில வரும். அதனால என்னைக் கேக்காதீங்க. நாளைக்கு எல்லாம் போனப்புறம் நீதானடி சொன்னேன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா என்னால தாங்க முடியாது."

அவன் சாப்பிடவில்லை. வாய்க்கால் கரை வரை நடந்தான். மேட்டூர் திறக்காத வருஷம். வாய்க்காலில் மணல்தான் கிடந்தது. ஹபீபுக்கு ஒரு செய்தி அனுப்பினான்: டீச்சரைப் பார்த்தால், அந்த எண் என்னுடையது அல்ல, கையெழுத்து மட்டும் என்னுடையது என்று சொல். பதில் உடனே வந்தது: அவருக்கு அது அப்போதே தெரியும். நீ வந்து சொல்வாய் என்று வாய்தாவுக்கு வாய்தா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைப் படித்தபின் அவனால் அங்கே நிற்க முடியவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினான்.

அப்துல் ரஹ்மான் படங்களைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா யோசிச்சீங்களா? கம்பெனிக் குழாயை அனுமதி இல்லாம தொட்டிருக்கீங்க. உங்களையும் சேர்ப்பாங்க."

"எழுதுங்க சார்" என்றான். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான்.

நான்கு நாள் கழித்து ஏழு பேருக்கும் ஜாமீன் கிடைத்தது. வக்கீல் சொன்னது அப்படியே நடந்தது. வழக்கில் எட்டாவது பெயராக மதலைமுத்துவைச் சேர்த்தார்கள். அவன் முன்ஜாமீன் வாங்கிச் சிறைக்குப் போகாமல் தப்பித்தான். ஆனால் சான்று மறுக்கப்பட்டது. கத்தார்க்காரர்கள் இரண்டு வாரம் பொறுத்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அமலி விசா காகிதங்களை ஒரு பையில் கட்டிப் பரணில் போட்டாள்.

தங்கம்மாள் ஒருநாள் வந்து வாசலில் நின்றாள். எண்ணெய் ஊறிய மண்ணை வழித்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்த வயலில் இந்த வருஷம் எதுவும் போட முடியாது. "தெரியலன்னியே தம்பி அன்னைக்கு" என்றாள். குரலில் கோபம் இல்லை. அமலி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள்.

எட்டுப் பேரும் முப்பது நாள், தினம் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. லியோ தனியாக வருவான், போட்டுவிட்டுத் தனியாகப் போவான். பதினோராம் நாள், மற்றவர்கள் கலைந்தபின், புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தான்.

"ஒன்பது நாள் உள்ள கிடந்தேன் மச்சான். அடியும் வாங்கினேன். அதுல அஞ்சு நாள் உங்களால."

மதலைமுத்துவிடம் சொல்ல நிறைய இருந்தது. பிள்ளைகள், விசா, அவன் இழந்தது. எதையும் எடுக்கவில்லை.

"ஆமாடா" என்றான்.

லியோ இன்னும் ஏதோ எதிர்பார்த்தவன்போல அவன் முகத்தையே பார்த்தான். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். மதலைமுத்து டவுன் பஸ்ஸுக்காகச் சாலையோரம் நடந்தான். கையெழுத்துப் போட இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.