பதினேழு இடங்களில் வயிறு

அக்கா வயிற்று வலியில் செத்தாள் என்றுதான் எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள். பொய். கரு கருப்பைக்குப் போய்ச் சேராமல் கருக்குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்துச் செத்தாள். மூன்று நாள் “வயிறு வலிக்குது” என்று முனகினாள். நாங்களும் செரிமான மருந்தை ஊற்றிக்கொண்டே இருந்தோம். அதற்குக் கீழே இருப்பதன் பெயரைச் சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்தக் கோபத்தில்தான் பொதுச் சுகாதாரம் படிக்க வெளிநாடு போனேன்.

இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். திரும்பி வந்து ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்காக நாற்பது பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதினேன். கருப்பை, சூலகம், மாதவிடாய் எல்லாம் அதனதன் பெயரில். கல்வி அலுவலகத்தில் அதிகாரி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

“எல்லாம் பிரமாதம்மா. இந்த வார்த்தைங்கதான் கொஞ்சம் பச்சையா இருக்கு. பொதுவா வயிறுன்னு போட்டுடலாமே?”

“சார், வயிறுன்னா வயிறு. சோறு போற இடம்.”

“பிள்ளைங்க புரிஞ்சுக்கும். இல்லேன்னா இந்த வருஷம் அச்சுக்குப் போகாது. உங்க இஷ்டம்.”

பதினேழு இடங்களில் அடித்திருந்தார். ‘அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் கடுமையாக வலித்தால் சூலகத்தில் கோளாறு இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போ’ என்று பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். அது ‘வயிறு வலித்தால் பெரியவர்களிடம் சொல்’ என்று ஆகியிருந்தது. முதலில் புத்தகம் வெளியே வரட்டும், அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வெளியீட்டு விழாவில் எல்லோரும் கைதட்டியபோது ஈயென்று பல்லைக் காட்டினேன்.

அக்கா விட்டுப்போன மகள் இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு. அவளுக்கும் அந்தப் புத்தகம்தான். சித்தி எழுதியது என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டவள். போன வாரம் அவள் அப்பா போன் செய்து அழுதார். நான் மருத்துவமனைக்கு ஓடியபோது அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. வலது சூலகம் முறுக்கிக்கொண்டு கறுத்துவிட்டதால் எடுத்துவிட்டதாக டாக்டரம்மா சொன்னார்.

“முதல் நாளே கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். நாலு நாளா என்ன பண்ணீங்க?”

என் ஆத்திரமெல்லாம் கட்டிலில் கிடந்தவள் மேல் திரும்பியது. அவள் கண் விழித்ததும் கேட்டேன்.

“நாலு நாள் வாயைப் பொத்திக்கிட்டா இருந்தே?”

“இல்ல சித்தி. முதல் நாளே அப்பாகிட்ட சொன்னேன், டீச்சர்கிட்ட சொன்னேன். செரிக்கிறதுக்கு மாத்திரை குடுத்தாங்க.” உதடு காய்ந்திருந்தது. “வலது பக்கம் மட்டுந்தான் வலிச்சுது. புத்தகத்துல எந்தப் பக்கம்னெல்லாம் போடலையா, அதான் வயிறுன்னு மட்டும் சொன்னேன். சரியாத்தானே செஞ்சேன்?”

“சரியாத்தான் செஞ்சே” என்றேன்.