மன்னிக்குச் சொன்ன ரிசல்ட்

"ரிப்போர்ட் ஜூலையிலேயே வந்தாச்சே, ஏன் வாங்க வரலை?" என்று டாக்டர் ஹிந்தியில் கேட்டதும் சந்திரிகா மன்னி திரும்பி அகல்யாவைப் பார்த்தாள். கோபப் பார்வையில்லை. இவள் பதில் சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கை. கோபித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அகல்யாவுக்கு. ஜூலையில் சுண்டைக்காய் அளவு கட்டி. இன்றைக்கு அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறது. புற்று.

ஓர்ப்படிகளுக்குள் ஒத்துப்போகாது என்று யார் சொன்னது? கல்யாணமாகி புனே வந்த புதிதில், பாஷை தெரியாமல் முழித்தவளை வானவடியில் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, காய்கறி விற்கிற பாஜிவாலாவிடம் பேரம் பேசக் கற்றுக்கொடுத்தவள் மன்னி. அந்த மன்னிக்கா இப்படிச் செய்தோம்!

அகல்யாவின் ஆராய்ச்சியே மார்பகக் கட்டிகளில்தான். வெட்டியெடுத்த சதையில் ஒரு துணுக்கை அரைத்து, அதிலுள்ள என்சைம் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அளப்பாள். புற்றுக்கட்டியில் அது பேயாய் உழைக்கும், சாதாரணக் கட்டியில் சோம்பிக் கிடக்கும். ஆனால் துணுக்கு ஐஸிலேயே வந்தாக வேண்டும். சூடு பட்டால் என்சைம் செத்துப்போய், எந்தக் கட்டியும் சாதுவாகத்தான் தெரியும். ஆராய்ச்சி முடிவை நோயாளியிடம் சொல்லவும் கூடாது. அசல் ரிப்போர்ட் ஆஸ்பத்திரி பெதாலஜியிலிருந்துதான் வரவேண்டும்.

மன்னிக்குக் கட்டியை எடுத்த அன்று ஊருக்குள் பால்கி ஊர்வலம். பண்டரிபுரம் போகிற வார்கரிகள் தாளம் தட்டிக்கொண்டு வந்தபடியே இருந்தார்கள், போலீஸ் எல்லா ரோட்டையும் அடைத்துவிட்டது. ரிக்‌ஷாவில் துணுக்கு இருந்த ஐஸ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அகல்யா பாதி நாள் உட்கார்ந்திருந்தாள். லேபில் திறந்தபோது ஐஸ் இல்லை, வெதுவெதுப்பாய்த் தண்ணீர். வேறு யாருடைய துணுக்காக இருந்தாலும் யோசிக்காமல் குப்பையில் போட்டிருப்பாள். எத்தனையோ போட்டிருக்கிறாள். இது மன்னியுடையது. மனசு வரவில்லை. அரைத்தாள், அளந்தாள். அளவு குறைவாகத்தான் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் தண்ணீர் மறந்தே போயிற்று. மறந்ததா, மறக்க விரும்பினாளா, அவளுக்கே தெரியவில்லை.

"மன்னி, ஒண்ணுமில்ல. நானே பாத்துட்டேன். நிம்மதியா தூங்குங்கோ."

மன்னி தூங்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போன்களை லோன்காரன் என்று நினைத்து வைத்துவிட்டாள். ரிப்போர்ட் வாங்கப் போகவில்லை. அகல்யாவும் கேட்கவில்லை. நவராத்திரிக்கு ஏழு படி கொலு வைத்தாள் மன்னி. பொம்மைகளை இறக்கும்போதுதான் அக்குளில் கை நெருடியது.

டாக்டரின் அறைக்கு வெளியே வராந்தாவில் இருவரும் உட்கார்ந்தார்கள். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று அகல்யா மன்னி பக்கம் திரும்பினாள்.

"மன்னி, அன்னிக்கு அந்த ஐஸ்..."

"விடுடி. மிஷின்தானே, தப்பாக் காட்டித்து. நீ என்ன பண்ணுவே?" மன்னி அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "நீ ஒண்ணுமில்லேன்னு சொன்னதாலதான் மூணு மாசம் நிம்மதியா இருந்தேன். இல்லேன்னா கொலுவாவது, ஒண்ணாவது."

"இல்ல மன்னி..." என்று அகல்யா மறுபடி ஆரம்பித்தாள். மன்னி முடிக்கவிடவில்லை.

"அடுத்த வாரம் ஆபரேஷன்ல எடுக்கறதையும் நீயே கொண்டுபோய்ப் பாரு, என்ன? இவா சொல்றது எனக்கு ஒண்ணும் புரியலை. நீ சொன்னாத்தான் நம்புவேன்."

நர்ஸ் வந்து ஸ்கேனுக்குச் சந்திரிகாவின் பெயரைக் கூப்பிட்டாள். மன்னி எழுந்து, வளையல்களைக் கழற்றி, கைப்பையோடு அகல்யாவின் மடியில் வைத்துவிட்டு, உள்ளே போனாள்.